துவக்குக்குச் சம்மதம்

ஆனந்தராசா அதிகம் கதைக்காத மனிசன். கலியாணம் கட்டின புதிதில் குணவதி அதைக் கோபமென்று நினைத்தாள். பிறகு வெட்கமென்று நினைத்தாள். கடைசியில் அது அவருடைய உயரம் போல, நிறம் போல, உடம்போடு வந்த ஒன்று என்று விட்டுவிட்டாள். ஒரு பின்னேரம் முழுக்க இருவரும் ஒரே மேசையில் இருந்து, ஒரு சொல்லும் பேசாமல் தேத்தண்ணி குடித்து எழும்புவார்கள். அதில் ஒரு குறையும் இருக்காது.

அப்படிப்பட்ட மனிசன் மார்ச் பிறந்ததும், பின்வளவில் உடுப்புக் காயப்போடுகிற கம்பிக்குப் பக்கத்தில் நின்று, பழைய வக்கூம் கிளீனரின் குழாயை வாயில் வைத்துக் கத்தத் தொடங்கினார். அடிவயிற்றிலிருந்து எழும்பி, நடுவில் உடைந்து, முனகலாக முடிகிற கத்தல். முதல்நாள் குணவதி அரிசி களைந்த சட்டியைப் போட்டது போட்டபடி ஓடிவந்தாள். பக்கத்து வீட்டு மலேசியாக்காரி கிளாரா வேலிக்கு மேலால் தலையை நீட்டினாள்.

“என்னா ஆச்சுக்கா? அண்ணனுக்கு வயித்து வலியா? ஆம்புலன்ஸ் கூப்பிடட்டா?”

“மான் கத்துறாராம்.”

“மான் கத்துமா?”

“இந்த நாட்டு மான் கத்துமாம். கலைமான். இது அதுக்குப் பெண்சாதி தேடுற காலமாம்.”

“கல்யாணம் ஆகி பத்து வருஷம் கழிச்சா தேடுறாரு?” என்று கிளாரா சிரித்த சிரிப்பில் வேலிப்பலகை ஆடியது. ஆனந்தராசா குழாயை இறக்கி, இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடி வாயில் வைத்தார்.

இதெல்லாம் ஹேமியால் வந்தது. மனுரேவாவுக்குக் கிட்ட உள்ள அட்டைப்பெட்டி ஃபக்டரியில் ஆனந்தராசாவுக்கு மெஷினில் வேலை. மாவோரிப் பெடியன் ஹேமிக்கு ஃபோர்க்லிஃப்ட். முதல் ஒரு வருசம் தேத்தண்ணி நேரத்தில் ஆனந்தராசா மூலையில் தனியே இருந்து சாப்பிட்டார். பெயர் நீளமென்று எல்லாரும் அவரை ‘ஆண்டி’ என்று கூப்பிட்டார்கள். கூப்பிட்டார்களே தவிர, பக்கத்தில் இருக்கச் சொல்லவில்லை. ஒருநாள் அவர்கள் மான் வேட்டையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, தானும் வன்னியில் வயலுக்கு வரும் பன்றிக்குக் காவலிருக்கத் துவக்கு வைத்திருந்ததாக, ஒருமுறை மரைமானும் சுட்டு விழுத்தியதாக, மூலையில் இருந்தபடியே சொல்லிவிட்டார். அந்த அறையில் அவர் பேசிய முதல் நீளமான வசனம் அது. ஹேமி கதிரையை இழுத்துக்கொண்டு மூலைக்கு வந்தான். அடுத்த நாளிலிருந்து நடு மேசையில் அவருக்கு ஒரு இடம் இருந்தது.

கலைமான்கள் கத்துகிற அந்தக் காலத்தை இந்த நாட்டுக்காரர் ‘ரோர்’ என்பார்கள். அதேமாதிரிக் கத்தினால், போட்டிக்கு வந்த மானென்று நினைத்துக் கலைமான் கிட்ட வரும். காட்டிலாகா சீட்டுக் குலுக்கி ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு துண்டுக் காட்டை ஒதுக்கும். ஹேமியின் குழுவுக்கு இம்முறை கைமனாவா மலைப்பக்கம், அதுவும் முதல் வாரக்கடைசி, ஈஸ்டர் லீவோடு சேர்த்து விழுந்திருந்தது. நாலு பேர் போகிற குழுவில் ஆனந்தராசாவையும் ஒருவராகச் சேர்த்திருந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை ஹேமி ஒரு மூட்டையோடு வந்து இறங்கினான். தடித்த கம்பளிச் சட்டை, எண்ணெய்த்துணிக் கோட், தன் அண்ணனுடைய பழைய பூட்ஸ். அவனுடைய இங்கிலீஷில் பாதிதான் குணவதிக்குப் பிடிபடும். மிச்சத்தைக் கையாலும் புருவத்தாலும் சொல்லிவிடுவான். பூட்ஸுக்கு ஆட்டுக்கொழுப்பைச் சூடாக்கிப் பூசவேணும், இல்லாவிட்டால் ஆற்றுத் தண்ணி உள்ளே வரும் என்றான். போகிற கிழமை வாசனைச் சவர்க்காரம் போடக்கூடாது. மானுக்குக் கண்ணை விட மூக்குப் பெரிது என்றான். பிறகு குசினியிலிருந்து வந்த மிளகாய்த்தூள் வறுக்கிற வாசத்தை மூக்கால் இழுத்துத் தும்மினான்.

“இந்த மணத்தோடு போனால் மான் கடல் தாண்டிச் சவுத் ஐலண்டுக்கு ஓடிவிடும், ஆண்டி.”

“மணம் இல்லாட்டில் நீ மானைச் சுட்டு அவிச்சுத்தானே தின்னப்போறாய்” என்றார் ஆனந்தராசா இங்கிலீஷில். ஹேமி தொடையில் அடித்துச் சிரித்தான். குணவதி அவர் முகத்தைப் பார்த்தாள். பகிடி விடுகிற மனிசனோடு தான் இவ்வளவு காலம் சீவித்திருக்கிறோம் என்பது அவளுக்குப் புதிதாக இருந்தது.

ஹேமி போனபின் அவள் அடுப்படியில் நின்று கேட்டாள்.

“வெளிக்கிடுறது எப்ப?”

“வியாழன் பின்னேரம்.”

“அப்ப வெள்ளிக்கிழமை காட்டிலை.”

“ஓம்.”

“பெரிய வெள்ளியெண்டு கிளாரா இப்பவே கன்னத்திலை போடுறாள். அது அவளின்ரை சமயம். நீங்கள் வெள்ளிக்கிழமையிலை மச்சம் தின்னாத மனிசன். வெள்ளிக்கிழமை மான் வந்து முன்னாலை நிண்டால் என்ன செய்வியள்?”

அவர் பூட்ஸில் கொழுப்புத் தேய்த்துக்கொண்டிருந்தார். துணியை நாலு தரம் சுற்றித் தேய்த்தார்.

“சுடுவன்.”

“பேந்து?”

“ரெண்டு நாள் தொங்கவிட்டால்தான் இறைச்சி பதமாம். ஹேமி சொன்னவன். தின்னுறது ஞாயிற்றுக்கிழமைதான்.”

“முருகனுக்கும் ஹேமி சொல்லிக்குடுப்பானோ?”

“கேட்டால் சொல்லுவான்.”

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, வெள்ளிக்கிழமைக்கென்று பருப்பும் காய்ந்த மிளகாயும் தனியே கட்டி வைத்தாள்.

ஒன்றுதான் மிச்சமிருந்தது. இந்த நாட்டில் துவக்குக்கு அல்ல, துவக்கைப் பிடிக்கிற ஆளுக்கு லைசென்ஸ். லைசென்ஸ் இல்லாதவன் லைசென்ஸ் உள்ளவனுக்குப் பக்கத்தில் நின்றுதான் சுடலாம். ஆனால் ரோர் என்றால் விடிய ஆளுக்கொரு பள்ளத்தாக்காகப் பிரிந்து போய்விடுவார்கள். லைசென்ஸ் இல்லாதவன் குடிலில் இருந்து உலை வைக்கவேண்டியதுதான். ஆனந்தராசா பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணியிருந்தார். அலுமாரிக்குள், குணவதியின் சீலைகளுக்குப் பின்னால், பூட்டுப் போட்ட இரும்புச் சட்டமொன்றைச் சுவரோடு முடுக்கியிருந்தார். துவக்கை ஹேமி இரவல் தருவான். இனிப் பொலிஸ் ஒருமுறை வீட்டுக்கு வந்து இடத்தைப் பார்த்து, வீட்டுக்காரியோடும் நாலு சொல் கதைக்கவேணும். “எப்ப வேணுமெண்டாலும் வருவாங்கள்” என்று அவர் சொல்லித்தான் இருந்தார். அவளும் கேட்டுத்தான் இருந்தாள்.

ஆனால் பொலிஸ் வந்தபோது அதெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

அது ஒரு மழைக் காலை. மனுகாவ் கடல்பக்கமிருந்து காற்று சாய்த்து அடித்தது. ஆனந்தராசா இரவு ஷிஃப்ட் முடித்து வந்து அறைக்குள் படுத்திருந்தார். மகள் உஷா பள்ளிக்கூடம் போயிருந்தாள். குணவதி வடைக்கு உழுந்து ஊறப்போட்டுக்கொண்டிருக்கும்போது கதவில் தட்டு விழுந்தது. திரைச்சீலையை விரல்நுனியால் விலக்கிப் பார்த்தாள். நீலச் சீருடை. தொப்பி. இடுப்புப் பட்டி.

அவளுடைய புறங்கை தானாக நெற்றிக்குப் போய்ப் பொட்டை அழித்தது. பிறகுதான் கதவைத் திறந்தாள்.

அவன் சின்னப் பெடியன், மழையில் சிவந்த முகம். மிஸ்டர் ஆனந்தராசா இருக்கிறாரா என்று எழுத்துக்கூட்டிக் கேட்டான்.

“நோ ஹஸ்பண்ட்.”

“வேலைக்குப் போய்விட்டாரா?”

“நோ ஹஸ்பண்ட். நோ கன். நோபடி.”

அவன் வாசலில் கிடந்த பூட்ஸைப் பார்த்தான். கொழுப்புப் பூசி மினுங்குகிற, பதினொரு அளவு பூட்ஸ். பிறகு அவளைப் பார்த்தான். பிறகு, தான் உள்ளே வரவேண்டியிருக்கும் என்று நினைத்தானோ என்னவோ, குனிந்து தன் சப்பாத்துக் கயிறை அவிழ்க்கத் தொடங்கினான். மற்ற வாசல்களில் பழகிய மரியாதை அது. குணவதிக்கு அது வேறு மாதிரி விளங்கியது. சப்பாத்தைக் கழற்றுகிறவன் கனநேரம் நிற்கப்போகிறவன். அவள் கதவுநிலையைக் குறுக்கே பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து அறைக்குள்ளிருந்து ஒரு குறட்டை வந்தது. ஆறுதலான, வஞ்சகமில்லாத, நீட்டுக் குறட்டை.

பொலிஸ்காரன் கயிறைப் பிடித்தபடி நிமிர்ந்தான். இருவரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அவள் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. அவன் அந்த முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுக் கயிறை மறுபடி கட்டினான். “சொறி டு பொதர் யூ, மேடம்” என்று மழைக்குள் இறங்கிப் போனான்.

ஆனந்தராசா மத்தியானம் எழும்பிக் குசினிக்கு வந்தார். குணவதி உழுந்துச் சட்டிக்கு முன்னால் இருந்தாள். உழுந்து ஊறிப் பருத்திருந்தது. அவர் அவளுடைய நெற்றியைப் பார்த்தார்.

“ஆர் வந்தது?” என்றார்.

அவர் எதிர்க்கதிரையில் இருந்தார். யன்னலில் மழை ஓடியது. தெருவில் பஸ் ஒன்று நின்று, ஆட்களை இறக்கி, போனது. இன்னொரு பஸ்ஸும் வந்து போனது.

“பொலிஸ்” என்றாள் கடைசியில். “நீங்கள் இல்லையெண்டு சொல்லிப்போட்டன்.”

“இல்லையெண்டால்?”

“இல்லையெண்டுதான்.”

அவர் தலையை மெல்ல ஆட்டினார்.

“அண்டைக்குச் சொன்ன மாதிரி.”

“ஓம். அண்டைக்குச் சொன்ன மாதிரி.”

அன்றைக்கு வந்தவர்கள் யார் என்று குணவதி இந்த நாட்டில் ஒருவருக்கும் சொன்னதில்லை. வன்னி வீட்டு முற்றத்துக்கு ஏழெட்டுப் பேர் வந்தார்கள். துவக்கு எங்கே, துவக்குக்காரன் எங்கே என்று கேட்டார்கள். ஆனந்தராசா பின்னால் வைக்கோல் போருக்குள் இருந்தார். அவள் பொட்டை அழித்துவிட்டு முன்னால் போய், அவர் செத்து ஆறு மாதம் என்று சொன்னாள். வந்தவர்கள் அவளுடைய நெற்றியைப் பார்த்தார்கள், போனார்கள். அடுத்த மாதமே குணவதியும் அவரும் ஊரைவிட்டு வெளிக்கிட்டார்கள். அதைப் பற்றி இருவரும் ஒருநாளும் கதைத்ததில்லை. கதைப்பதற்கு என்ன இருந்தது?

“உங்களுக்குக் கோபமில்லையோ?” என்று இப்போது கேட்டாள்.

“உயிரோடை இருக்கிறவன் எப்பிடிக் கோபிக்கிறது.” எழும்பிப் போய்ச் சாமித்தட்டிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்துவந்து மேசையில் வைத்தார். “உழுந்தை அரை. ஊறினது காணும்.”

அதோடு அது முடிந்தது போலத்தான் இருந்தது. அவர் ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்டதற்கு, வீட்டுக்காரிக்கு விருப்பமில்லாத வீட்டில் துவக்கு வைக்கவிட முடியாது, வீட்டில் கதைத்துத் தீர்த்துக்கொண்டு வாருங்கள் என்று தன்மையாகச் சொல்லி அனுப்பினார்கள். அவர் வீட்டில் ஒன்றும் கதைக்கவில்லை. ஹேமியிடம், தான் சமைக்க வருகிறேன் என்று சொல்லிவிட்டார். கடையில் பெரிய வெங்காயம் ஒரு சாக்கு வாங்கிவந்தார். தகரப்பேணித் தேங்காய்ப்பால் வாங்கிவந்தார். பின்னேரங்களில் வெங்காயம் உரித்துத் தட்டில் அடுக்கினார். முகம் வாடவில்லை, வேலை ஒழுங்காக நடந்தது. ஆனால் பின்வளவில் குழாய் சும்மா கிடந்தது. அவர் இப்போது கத்துவதில்லை.

அந்தச் சத்தம் இல்லாததைக் குணவதி மூன்று பின்னேரம் கேட்டாள். அவருடைய பழைய மௌனம் அவளுக்குப் பழக்கம். இது அது அல்ல. இதன் அடியில் ஒருவன் மூலைக் கதிரைக்குத் திரும்பிப் போய் இருந்துகொண்டிருந்தான்.

செவ்வாய்க்கிழமை காலை, அவர் நித்திரையான பிறகு, வேலிக்குப் போனாள்.

“கிளாரா, கார் இருக்கோ?”

“இருக்குக்கா. எங்க போகணும்? சந்தைக்கா?”

“பொலிசுக்கு.”

கிளாராவின் கையிலிருந்த உடுப்புக் கிளிப் விழுந்தது. “ஐயோ, அண்ணன் அடிச்சிட்டாரா?”

“விசர் கதையாதை. நான்தான் அவரைச் சாகடிச்சுப்போட்டன். உயிரோடை இருக்கிறார் எண்டு சொல்லவேணும்.”

கிளாராவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் உடனே கார்த் திறப்பை எடுத்துவந்தாள். அவளிடம் அந்தக் குணம் இருந்தது: முதலில் கார், பிறகுதான் கேள்வி. வழி முழுக்கக் கேட்டாள். குணவதி கையை மடியில் கோத்துக்கொண்டு, முன்கண்ணாடியில் துடைப்பான் போய்வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நானும் உள்ள வரட்டா, இல்ல வெளியவே நிக்கட்டா?” என்றாள் கிளாரா ஸ்டேஷன் வாசலில்.

“நில். அரை மணித்தியாலத்திலை வராட்டில் அவரை எழுப்பு.”

“அப்படியெல்லாம் பேசாதீங்கக்கா!”

உள்ளே ஒரு நீட்டு மேசையும், பூச்சாடியும், காணாமல்போன நாயொன்றின் படமும் இருந்தன. அந்தச் சிவந்த முகப் பெடியனே இருந்தான். அவளை அடையாளம் கண்டு எழும்பினான். கதிரை காட்டினான். அவள் இருக்கவில்லை.

“ஹஸ்பண்ட் இஸ் தேர்” என்றாள்.

“ஓம்” என்று அவன் தலையாட்டினான், சிரிக்காமல். “குறட்டை கேட்டது.”

அவள் சொல்லவேண்டியதைக் காரிலே இங்கிலீஷில் அடுக்கிவைத்திருந்தாள். எல்லாம் குலைந்துபோயிற்று. அவன் அவசரப்படுத்தவில்லை. சின்னச் சின்னச் சொல்லாகக் கேட்டான். நீங்கள் பயந்துதான் அப்படிச் சொன்னீர்களா, அல்லது வீட்டில் துவக்கு வேண்டாமென்று சொன்னீர்களா? இரண்டும் வேறு. எனக்கு எது என்று தெரியவேணும்.

குணவதி அதை இதுவரை தனக்கே கேட்டதில்லை. அவள் நாயின் படத்தைப் பார்த்தாள். வன்னியில் வயல் காவலுக்குப் போகும்போது அவர் துவக்கைத் தோளில் போடுகிற விதம் நினைவுக்கு வந்தது. திரும்பி வந்ததும் தோட்டாவைக் கழற்றிவிட்டுத்தான் படலையைத் திறப்பார். அந்த நாட்களில் அவள் துவக்குக்காக ஒருநாளும் கண்விழித்ததில்லை. ஆட்கள் வந்த பிறகுதான்.

“கன், நோ ஃபியர்” என்றாள் மெல்ல. “மென் கம்… லுக் ஃபோர் கன். தட், ஃபியர்.”

பெடியன் பேனாவைக் கீழே வைத்தான். அவனுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. தன்னுடைய சீருடை நெஞ்சைத் தானே ஒருமுறை குனிந்து பார்த்தான்.

“அவருக்குக் கோபம் வருமா?” என்று கேட்டான், கேட்கவேண்டிய முறைக்கு.

“ஆங்ரி, நோ டோக். ஹப்பி, நோ டோக்.”

இப்போது அவன் சிரித்துவிட்டான். நாளைப் பின்னேரம் வருகிறேன் என்றான். இரண்டு பேரும் இருக்கவேணும். பூட்டிவைக்கிற இடத்தை அவர் காட்டவேணும். உங்களுக்குச் சம்மதமென்று அவருக்கு முன்னால் நீங்கள் சொல்லவேணும். அவ்வளவும் சரியென்றால் லைசென்ஸை வியாழன் காலை வந்து எடுத்துக்கொள்ளலாம்.

வெளியே கிளாரா காருக்குள் சிலுவை போட்டுக்கொண்டிருந்தாள். “என்னக்கா சொன்னாங்க?”

“நாளைக்கு வருவாங்களாம்.”

“அரெஸ்ட் பண்ணவா?”

“தேத்தண்ணி குடிக்க.”

அவள் ஆனந்தராசாவிடம் சொல்லவில்லை. சொல்ல நினைத்து வாயைத் திறந்த நேரமெல்லாம், வராமல் விட்டால் என்ற எண்ணம் வந்து மூடிவிட்டது. இரண்டாந்தரம் ஒரு மனிசனிடமிருந்து ஒன்றைப் பறிக்க அவளுக்கு மனமில்லை.

புதன் பின்னேரம் மழை விட்டிருந்தது. வெயில் மஞ்சளாகச் சாய்ந்து குசினி யன்னலால் வந்தது. குணவதி வடை தட்டிப் போட, ஆனந்தராசா மேசையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். சின்னதாய்த் தட்டி, மொறுமொறுவென்று பொரித்து, தகரப்பெட்டியில் கடதாசி போட்டு அடுக்கினால் மலையில் ஒரு கிழமைக்கும் நிற்கும். உஷா முன்னறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்த நாலு பேருக்கும் இது காணுமோ?” என்றாள் குணவதி.

“ஹேமி ஒருத்தனே காணும் இதுக்கு.”

கதவில் தட்டு விழுந்தது.

“அம்மா, இட்ஸ் எ பொலிஸ்மன்!” என்று உஷா முன்னறையிலிருந்து கத்தினாள்.

குணவதி கையை மாவிலிருந்து எடுத்துத் திரும்பினாள். வெங்காயம் மேசையில் பாதி வெட்டியபடி கிடந்தது. கத்தி அதன்மேல் கிடந்தது. கதிரையில் ஆள் இல்லை. உடுப்புத் தோய்க்கிற சின்ன அறையின் கதவு மெல்லச் சாத்திக்கொண்டதை மட்டும் கண்டாள்.

ஒரு கணம் அவளுக்கு இரக்கம் வந்தது, உடனே சிரிப்பும் வந்தது. மலைக்குப் போய்க் கலைமானுக்கு முன்னால் நிற்கப்போகிறவர். அவரை ஒளிக்கச் சொல்லி ஒருத்தரும் சொல்லவில்லை. அவருடைய கால்கள் தாமாகப் போயிருந்தன, அவளுடைய புறங்கை போனதைப் போல. இருவரும் ஒரே நாளில் கற்றதை இருவரும் மறக்கவில்லை.

அடுப்பைக் குறைத்தாள். கதவைத் திறந்தாள். அந்தப் பெடியன்தான். தொப்பியைக் கக்கத்தில் வைத்திருந்தான்.

“மிஸ்டர் ஆனந்தராசா வீட்டில் இருக்கிறாரா?”

“யெஸ்” என்றாள் குணவதி. “ஹி இஸ் ஹோம்.”

அந்தச் சொல் வெளியே வந்து வாசலில் நின்றது. அதைத் திருப்பி எடுக்க வழியில்லை. அவள் வீட்டுக்குள் திரும்பி, முற்றத்தில் நிற்கிறவனைக் கூப்பிடுகிற குரலில், தெருவுக்கும் கேட்கக் கூப்பிட்டாள்.

“இஞ்சேருங்கோ! பொலிஸ் வந்திருக்கு. வாங்கோ!”

குசினியில் எண்ணெய் மெல்ல முணுமுணுத்தது. உஷா தகப்பன் எங்கே என்று அறைக்கு அறை பார்த்தாள். பொலிஸ்காரன் எதையும் கேட்காமல் நின்றான். கேட்காமல் நிற்கத் தெரிந்த மனிசர் எந்த ஊரிலும் கொஞ்சப் பேர்தான் என்று குணவதி நினைத்தாள்.

“வாங்கோப்பா” என்றாள் மறுபடி, இப்போது மெதுவாக. “நான்தான் வரச்சொன்னனான். ஒண்டுமில்லை. வாங்கோ.”

தோய்க்கிற அறைக் கதவின் கைபிடி திரும்பியது. ஆனந்தராசா வெளியே வந்தார். வெங்காயத்தால் கண்ணிரண்டும் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. தோளில் ஒரு ஈரத் துவாய் ஏனோ கிடந்தது. குணவதியைத் தாண்டி வந்து, அவளுக்கு அரையடி முன்னால், திறந்த வாசலில், வெயிலில் நின்றார்.

“இஞ்சை நிக்கிறன்” என்றார், தமிழில்.